ஆறு சந்தனப் பொட்டு

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்க வேறு செய்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். மாகறல் பக்கம் என் மாமனாருக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம். கடலை முற்றினால் நரியும் பன்றியும் வந்து தோண்டிவிடும். அவற்றை விரட்டத்தான் அது, லைசென்ஸோடு. அவருடைய தாத்தா காலத்துச் சாமான், என் கையில் அடங்குகிற அளவுதான். தோட்டா போடுகிற வகை இல்லை. உருளையில் ஆறு குழி. ஒவ்வொன்றிலும் கரிமருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, மேலே தேன்மெழுகும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூச வேண்டும். பூசாவிட்டால் நெருப்பு பக்கத்துக் குழிக்குத் தாவிவிடும். பின்னால் குழிக்கு ஒரு முளை, முளையில் ஊசி நுழைகிற ஓட்டை. அதன்மேல் கேப்பு என்கிற சின்னச் செம்பு மூடியைக் குல்லாய் மாதிரி மாட்டுவார். சுத்தி அடித்துக் கேப்பு வெடித்தால் ஓட்டை வழியாக நெருப்பு உள்ளே போகும்.

சுடுவது அவர், கழுவுவது நான். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். கழுவும்போது அழுகிய முட்டை வாசம் கிளம்பும். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விடுவார். எனக்கு மட்டும் அது பிடிக்கும். பட்டுக் கழிவு நூலைக் குச்சியில் சுற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு வைப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊடுநூல் ஓட்டுகிற நாடா, கத்தரி, தறிச் சாமான்களோடு துப்பாக்கியையும் காலியாக வைத்தோம். சந்தனம் வைத்தது நான். ஆறு முளையும் மல்லிகை மொட்டு மாதிரி நின்றன. ஆசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் துணியால் துடைத்தும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, தாலுக்கா ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். சுடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாதாம், ஒப்படைத்துவிட வேண்டுமாம். மாமனார் பன்றி விரட்டக் கொண்டுவந்திருந்த துப்பாக்கியை எடுத்து, ஆறு குழியையும் நிரப்பி, பனைமரத்தைக் குறிபார்த்தார். கேப்பு மட்டும் டப்பென்றது. குண்டு போகவில்லை. மருந்து தாமதமாகப் பற்றினாலும் பற்றும் என்று குழலைத் தரைப்பக்கம் தாழ்த்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும்.

வந்தவர் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னா பெரியவரே, இது சுடுமா, இல்ல பூஜைல வெச்சிக் கும்பிட மட்டும்தானா?"

தாத்தாவின் சாமானைத் தன் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டிவரும் என்று மாமனார் முகத்திலேயே தெரிந்தது. பூஜை என்றதும்தான் எனக்கு உறைத்தது. கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, அந்த ஓட்டைக்கெல்லாம் நான் சந்தனம் வெச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திட்டவில்லை. மிச்சக் கேப்புகளைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை நீட்டினார். கருவேல முள் ஒன்றை ஒடித்து, அறுந்த இழையைப் பிணைக்கிற பொறுமையோடு ஆறு ஓட்டையையும் குத்திக் குத்தி எடுத்தேன். மஞ்சளாகத் தூள் தூளாக வந்தது.

புதுக் கேப்பு மாட்டிச் சுட்டார். பனைமரத்தில் பட்டை தெறித்தது. ஏரிக்கரைக் கிளிகள் மொத்தமாக எழும்பின. அந்த மனுஷர் நோட்டில் ஏதோ எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது, துப்பாக்கி எங்களுக்கே என்று மாமனார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சைக்கிள் கரையில் ஏறி மறைந்தபின், மருந்தைப் போட்டு வைத்தபடி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, மிச்சம் ஐந்தையும் என்னிடமே கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புகை மூட்டம் எழுந்து, காற்றில்லாததால் அப்படியே நின்றது. பனைமரம், கடலைக்கொல்லை, மாமனார், எதுவும் தெரியவில்லை. மேகத்துக்குள் புடவையோடு நிற்கிற மாதிரி இருந்தது. புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"பனமரத்துல ஒண்ணுகூட படலியேம்மா."

அன்று சாயங்காலம் கழுவியபோது முட்டை வாசத்தோடு சந்தனமும் மணத்தது. அடுத்த வருஷம் பூஜையில் எனக்கு முன்னாலேயே மாமனார் வந்து, துப்பாக்கியின் மரக் கைப்பிடியில் ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.