ரூத் ஆன்ட்டி நடந்து போன சனிக்கிழமை

பழைய பேரீச்சம்பழத்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. கள்ளையும் ஈரச் சாக்கையும் ஒன்றாகக் கட்டி வைத்ததுபோல் மூக்கில் ஏறும். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பழக் கிடங்குக்கு அப்பா "இன்சார்ஜ்" ஆக இருந்த காலத்தில், முவைலாவில் எங்கள் வீட்டு வாசலில் அவருக்கு முன்னால் அந்த வாடை வந்து செருப்பைக் கழற்றும். அம்மா அதைச் சம்பள வாசனை என்பாள். எனக்குக் குமட்டும்.

எதிர் வீட்டில் ரூத் ஆன்ட்டி தனியாக இருந்தார். மும்பைக்கார யூதர், கணவரை இழந்தவர். சென்னையில் சில வருடம் டீச்சராக இருந்ததால் தமிழ் பேசுவார். தாம் யூதர் என்பதை வெளியில் சொல்லிக்கொள்ளமாட்டார். எங்களுக்கு மட்டும் தெரியும். அம்மா "டூட்டி" முடிந்து வரும்வரை நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். புழு பூச்சி வாயில் போவது அவர்கள் வேதத்தில் விலக்கு என்பதால் அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொரு பிடியாகத் தள்ளிப் பார்ப்பார். கீரையை இலை இலையாக விளக்கில் பிடிப்பார். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் விளக்கேற்றிவிட்டால், மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பு, ஃபோன், வண்டி, காசு எதையும் தொடமாட்டார். கையில் ஒரு குடையை எடுத்துக்கொண்டுகூடத் தெருவில் இறங்கமாட்டார். கஷ்டமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, "இது இல்லேன்னா எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான் பாப்பா" என்றார்.

நோன்பு மாதம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, அப்பா பெருந்தன்மையாக அவருக்கு ஒரு பெட்டி பழம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மதியம் அவர் அதைப் பிளக்க உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் பழத்தில் கொட்டையை ஒட்டி வெள்ளையாக ஒன்று நெளிந்தது. அடுத்ததில் கறுப்புத் தூளும் செத்த வண்டும். அதற்கடுத்ததில் நூலாம்படை. அதே பழத்தைத்தான் எங்கள் வீட்டில் காலையிலிருந்து நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். தொட்டியில் வாந்தியெடுத்து, வாயை எத்தனை முறை கொப்பளித்தும் நாக்கில் ஏதோ ஊர்வது நிற்கவில்லை.

ரூத் ஆன்ட்டி தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த தேதியை அப்பா காட்டினார். அது புதுத் தேதி, ஒட்டியவர்களும் அவர் ஆட்களே. இந்தச் சரக்கு எங்கே போகிறது என்று ஆன்ட்டி கேட்க, முதலாளியின் தர்மமாக நாளைக் காலை தொழிலாளர் "கேம்ப்"களுக்கு, நோன்பு திறக்க, என்றாள் அம்மா பெருமையாக. "நீங்களே ஒண்ணு பிளந்து பாருங்க" என்றார் ஆன்ட்டி. அப்பா ஒரு பழத்தை எடுத்தார். பிளக்கவில்லை. அப்படியே வாயில் போட்டு மென்று விழுங்கினார். "ஒண்ணுமில்லையே." அவர் தொண்டை மேலும் கீழும் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே தின்றார்.

"நான் தின்னாம இருந்தா மட்டும் போதாதுங்க" என்றார் ஆன்ட்டி. பார்வையற்றவன் வழியில் தடுக்கி விழும்படி எதையும் வைக்கக்கூடாது என்பதும் தங்கள் சட்டம்தான் என்றும், விளக்கேற்றுவதற்குள் நகராட்சிக்கு ஃபோன் செய்யப்போவதாகவும் சொன்னார். அப்பா உடனே குழைந்தார். "எதுக்கு மேடம்? நானே லோடை நிறுத்திடறேன். நீங்க நிம்மதியா போய் விளக்கேத்துங்க." ஆன்ட்டி நம்பிவிட்டார்.

கதவு சாத்தியதும் அப்பா சிரித்தார். "விளக்கை ஏத்திட்டா நாளை ராத்திரி வரைக்கும் அவ ஃபோனைத் தொடமாட்டா. அதுக்குள்ள லாரி கேம்ப்ல இறக்கிட்டு வந்துடும். கலாஸ், முடிஞ்சுது." அம்மாவும் சிரித்தாள், வேலை போனால் விசா போகும், என் படிப்பு போகும் என்ற பயம் அந்தச் சிரிப்பில் இருந்தது. புழுவைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய அருவருப்பு எனக்கு அப்போது வந்தது. ஒரு பெண்ணின் பக்தியையே கயிறாக்கி அவள் கையைக் கட்டிவிட்டுச் சிரிக்கிற மனிதரின் சோற்றைத்தானே நான் தின்று வளர்கிறேன் என்று இருந்தது.

இருட்டியதும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மேஜையில் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சொன்னேன். அவர் ஜன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தார். பிறகு, "ஃபோன் முடியாது, வண்டி முடியாது. நடக்கலாம் இல்ல?" என்றார், தம்மிடமே கேட்பதுபோல்.

மறுநாள் நடந்ததைப் பின்னால் லாரி டிரைவர் கமால் அண்ணன் சொல்லித்தான் தெரியும். ராமநாதபுரத்துக்காரர், நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது எங்கள் சாமான்களை ஏற்ற வந்தவர்.

"கிடங்குல லோடு ஏத்திக்கிட்டு இருக்கோம்மா, ஒரு அம்மா மூஞ்சி செவந்து, வேர்த்து வழிய வந்து நிக்கிது. கையில ஒரு பாட்டில் தண்ணி இல்ல. பாய், உங்க நோன்புப் பழத்தைப் பிளந்து பாருங்கன்னு இந்தியில சொல்லுது. பிளந்தோம். எங்களுக்குத்தாம்மா வந்திருக்கு அந்தப் பழம், நாங்களும் கேம்ப்லதானே கெடக்கோம்! எவனும் அப்புறம் பெட்டியைத் தொடலை."

ஆன்ட்டியால் என்னவெல்லாம் செய்ய முடியாது என்பது அப்பாவுக்கு அத்துப்படி. ஆன்ட்டிக்குக் கால் இருப்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. லோடு நின்றதும் முதலாளி பழியை அப்பாமேல் போட்டு, கணக்கை முடித்து வேலையைவிட்டு அனுப்பினார், நாங்கள் திருச்சிக்கு வந்து சேர்ந்தோம். கிளம்பும் நாளில் ரூத் ஆன்ட்டி வாசலுக்கு வந்தார். அம்மா கதவைத் திறக்கவில்லை.

இப்போது நானும் ஷார்ஜாவில்தான் வேலை பார்க்கிறேன். முவைலாவில் அந்தக் கட்டடம் இல்லை. அவர் நடந்த மணல்வெளியில் கடைகளும் கார்களும் நிற்கின்றன. ஆன்ட்டி எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை. மாறாமல் இருப்பவர் அப்பா மட்டுமே. ஃபோனில் பேசும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார். தொழிலாளிகள் அதைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளுக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன வாரமும் கேட்டார்.

"நான்தான்பா" என்றேன்.