இரண்டாம் பாகத்தில் வந்த இறந்தவன்

போன வாரம் ஒரு ஒற்றன் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தேன். பெரிய கடைவளாகத்தின் நாலாவது மாடி, பகல் காட்சி. என் வரிசையில் நான் மட்டும்தான். முதல் பாகத்தில் செத்துப்போன ஒருவன் இடைவேளைக்குச் சற்று முன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். எப்படிப் பிழைத்தான் என்று அவனே நிதானமாக விளக்கினான். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. செத்தவன் விளக்கம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்ததை நான் சிதம்பரத்தில் பார்த்திருக்கிறேன். அதைவிட அழகாக அதைச் செய்ய முடியாது.

கடைவளாகத்தில் வெண்ணெயில் பொரித்த சோளத்தின் வாசனை. சிதம்பரத்துக் கொட்டகையில் பீடிப் புகையும், ஆபரேட்டர் அறையிலிருந்து வரும் கார்பன் குச்சி எரியும் நெடியும்தான். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எழும் வெளிச்சத்தில்தான் அன்று படம் ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியக் காரணம் ரசனை அல்ல, உத்தியோகம். அறுபதுகளின் நடுவில் கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்தில் சினிமா லைசென்ஸ் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தராக இருந்தேன். எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் தீ வாளியில் மணல் இருக்கிறதா, வெளியேறும் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். என்னோடு படம் பார்க்க வர ஒருவருக்கும் விருப்பமில்லாமல் போனதில் வியப்பில்லை.

ஹமீது ஒருவன்தான் வருவான். பரங்கிப்பேட்டைக்காரன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மஞ்சக்குப்பத்தில் என்னோடு ஒரே அறை. அந்தக் காலத்து ஒற்றன் படம் ஒன்றின் முதல் பாகத்தை நாங்கள் கடலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்தோம். இங்கிலீஷ் படம். வசனத்தை நான் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் கதாநாயகனின் கூட்டாளி பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தான். வெளியே வரும்போது ஹமீது ஒத்துக்கொள்ளவே இல்லை.

“அவன் சாவல மச்சான்.”

“அவ்ளோ ஒசரத்துலேர்ந்து உழுந்தான்டா.”

“பொணத்தக் காட்டுனானா? காட்டல இல்ல?”

“ஏழு வருஷம் ஒருத்தனப் பத்தித் தகவலே இல்லன்னாதான் செத்ததா வச்சிக்கலாம்னு சட்டம் இருக்கு,” என்றேன்.

“பாத்தியா, உன் சட்டமே எம்பக்கம்!”

அடுத்த மாதம் அவன் மாமா பினாங்கில் இருந்த தன் கடைக்கு அவனை வரச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினம் வரைக்கும் போய்க் கப்பலேற்றினேன். துறைமுகத்தில் அவன் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டான். “மாசம் ஒரு தடவ உம்மாவப் போயி பாத்து எனக்கு உள்ளது உள்ளபடி எழுது மச்சான். அப்பறம் ரெண்டாம் பாகம் வந்துச்சின்னா, ஒன் ஆபீஸ் நோட்டு மாதிரி, சாதகம் என்னா பாதகம் என்னான்னு எழுது.” இரண்டையும் அவன் ஒரே மூச்சில், ஒரே தட்டில் வைத்துத்தான் கேட்டான். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

அவன் போனபின் அறையில் இரண்டு கட்டில்களுக்கு நான் ஒருவன். பேச்சுத்துணைக்குக் கோப்புகள்.

சில மாதம் கழித்து, கடலூரில் ஓடியபோது வேலையாக வெளியூர் போய் நான் தவறவிட்ட இரண்டாம் பாகம் சிதம்பரத்துக்கு வந்தது. கல்லூரி மாணவர்கள் இருந்ததால் அங்கே இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டம் வரும். ஞாயிறு காலை பாசஞ்சர் ரயிலில் போனேன். படம் முக்கால்வாசி ஓடியிருக்கும். பனிமலை ஓட்டலில் கதாநாயகன் மாடியேறுகிறான். அடுத்த காட்சியில் ஓடும் ரயிலில் அந்தக் கூட்டாளி அவனுக்குச் சிகரெட் பற்றவைக்கிறான். முன்னறிவிப்பு இல்லை, காரணம் இல்லை. கொட்டகையே எழுந்து விசிலடித்தது. தனியாக வந்திருந்த நானும் எழுந்தேன். பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லப் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவனின் சைக்கிள் பூட்டும் துண்டும்தான் இருந்தன.

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டையில் இறங்கினேன். ஹமீதின் உம்மா படுத்திருந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேசினால் மூச்சு வாங்கியது. டாக்டர் இதயம் பலவீனம் என்றாராம்.

“புள்ளைக்கு ஒண்ணும் எழுதிப்புடாத தம்பி. போயி ஒரு வருசங்கூட ஆவல. அல்லா பாத்துக்குவான். நல்லா இருக்காங்கன்னு எழுது.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் மாலை வெளிநாட்டுத் தபாலுக்கான ஏரோகிராம் வாங்கினேன். மடித்து ஒட்டும் அந்த நீலத்தாள் ஒன்றுதான், அதற்குமேல் தாள் வைக்கக்கூடாது. அதனால் சுருக்கமாக எழுதப் பழகியிருந்தேன். பாதகங்கள்: வில்லன் தன் திட்டம் முழுவதையும் கதாநாயகனிடமே விளக்குகிறான், இவ்வளவு திறந்த நிர்வாகம் எங்கள் அலுவலகத்தில்கூடக் கிடையாது. ஒற்றன் பல நாடு சுற்றியும் டூர் டைரி எழுதுவதில்லை. கதாநாயகிக்கு வேலையே மயங்கி விழுவதுதான். முதல் பாகத்தில் பயம் இருந்தது, இதில் சத்தம்தான் இருக்கிறது. சாதகம் ஒன்றே ஒன்று, ஆனால் அது போதும்: கூட்டாளி சாகவில்லை. அதைப் படம் விளக்காமல் விட்டிருப்பதே அதன் துணிச்சல். கடைசி மடிப்பில் எழுதினேன்: உம்மா நல்லா இருக்காங்க.

பதில் உடனே வந்தது. கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினானாம். “நாஞ் சொன்னேன்ல மச்சான்!” என்று நாலு இடத்தில் எழுதியிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. பினாங்கில் அந்தப் படம் வந்திருக்கிறது. கடைப் பையன்களை எல்லாம் அழைத்துப் போயிருக்கிறான். கூட்டாளி வரவே இல்லை. கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். “நீ படமே பாக்கல. என்னச் சந்தோசப்படுத்த எழுதியிருக்க. அப்ப உம்மாவப் பத்தி எழுதுறதும் இப்படித்தானா?”

என் நேர்மையை ஒருவன் சந்தேகித்துவிட்டான். உடனே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போனேன். ஆபரேட்டர் பனியனோடு உட்கார்ந்து ரீல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கடலூர்லேர்ந்து வந்த பொட்டியில ஒரு ரீல் ஜாஸ்தியா இருந்துச்சி சார். அதே ஹீரோ, அதே கோட்டு. நடுவுல சேத்து ஓட்டுனேன். ஜனங்க விசிலடிச்சாங்க. விசிலடிக்கிற ரீல எவன் சார் எடுப்பான்?”

பிறகு விஷயம் தெளிவாயிற்று. காலைக் காட்சி மதியக் காட்சிக்குள் முடிய வேண்டுமென்று கொட்டகைகளில் ஒரு ரீலை ஓட்டாமல் விடுவது வழக்கம். கடலூரில் முதல் பாகத்திலிருந்து அப்படி விட்ட ரீல்தான் அங்கேயே தங்கி, பின்னால் வந்த இரண்டாம் பாகத்தின் பெட்டியில் ஏறிச் சிதம்பரம் போயிருக்கிறது. நானும் ஹமீதும் பார்க்காத ரீல். பாலத்திலிருந்து விழுவதற்கு முந்தைய நாள் அந்தக் கூட்டாளி சிகரெட் பற்றவைத்த ரீல். வாளியில் மணல் இருக்க வேண்டுமென்று விதி உண்டு. கதையில் எல்லா ரீலும் இருக்க வேண்டுமென்று விதி கிடையாது.

மஞ்சக்குப்பம் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். ரீலின் பயணத்தை முறைப்படி எழுதினேன். ஆபரேட்டர் சொன்னதை எழுதினேன். என் மேல் பிழை இல்லை என்று நிறுவினேன். மடிப்பு, ஓரம், எல்லாம் நிரம்பிவிட்டது. உம்மாவைப் பற்றி எழுத இடமில்லை. இடமில்லாமல் போகும்படி பார்த்துத்தான் எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். பொய்யை இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை; மெய்யை எழுத உம்மாவிடம் கொடுத்த வாக்கு விடவில்லை.

ஹமீது அந்தக் கடிதத்தில் இல்லாத வரியைப் படித்துவிட்டான். அடுத்த கப்பலில் கிளம்பி வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது உம்மாவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

வாசலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தோம்.

“சினிமாவப் பத்தி மட்டும் மெய்ய எழுதியிருக்க மச்சான்.”

“உம்மாதான் எழுத வேணாம்னாங்க.”

“உம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. நீதான ரூல்ஸ் தெரிஞ்சவன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. நாற்பதாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போனான். போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி எழுதினான். அப்புறம் எழுதவில்லை. நான் சில ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தேன், பார்த்த படங்களின் சாதக பாதகங்களை.

சிதம்பரத்துக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் இல்லை. ரீலும் இல்லை, தகரப் பெட்டியும் இல்லை. படங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி, முழுசாக ஓடுகின்றன. நேற்று தபால் அலுவலகத்தில் ஏரோகிராம் இருக்கிறதா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அந்தச் சொல்லையே கேள்விப்பட்டதில்லை. “எந்த ஊருக்கு சார் அனுப்பணும்?” என்று அன்பாகக் கேட்டாள். பினாங்கு விலாசம் தெரு, கதவு எண்ணோடு மனப்பாடமாக நாக்கில் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான், அந்த விலாசத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதது நினைவுக்கு வந்தது.