வலப்பக்கம் வெறுமையான பட்டியல்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போதே மர்சூக்கின் காதில் பென்சில் ஏறிவிடும். தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதற்கு அங்கேதான் இருப்பிடம். சட்டைப் பையில் ஒரு கடித உறை. தபாற்கந்தோர் பக்கத்திலேயே இருந்தும் ஏறாவூர் ரயில் நிலையத்துக்கே நடப்பான். மாலை ரயில் வந்ததும் அதன் தபால் பெட்டியில் தன் கையாலேயே உறையைப் போட்டு, ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து ஆறிப்போன பகற்சோற்றைத் தின்பான்.

"என்ன தம்பி, அக்கரைப் பொஞ்சாதிக்குக் கடுதாசி போட்டாச்சா?" என்பாள் என் மனைவி றபீக்கா.

"போட்டாச்சு மச்சி. இந்த முறை பதில் வராட்டி தலாக்குத்தான்."

அக்கரைப் பொஞ்சாதி என்பது கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை. என் தம்பி மர்சூக் அங்கே இரண்டு வருடம் படித்தான். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் அவன் ஒருவனே; நான் தாண்டவில்லை. 1935 இல் வாப்பா மௌத்தானதும் உன்னிச்சையில் உள்ள வயலைப் பார்க்கத் திரும்பி வந்தான். பட்டம் இல்லை. ஒரு பெட்டி புத்தகமும் வகுப்பு நேர அட்டவணையும் வந்தன. அட்டவணை இன்றும் அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. பத்து மணியானால் மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு, "அங்க இப்ப இலக்கண வகுப்பு" என்று புத்தகத்தை விரிப்பான். பதினொன்றுக்கு மூடுவான். மழை பெய்தால் மட்டும் விடுமுறை.

அந்தத் துறையில் ஊர் ஊராக மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துண்டுக் கடதாசி. அதில் பொருளின் பொதுப்பெயர், அதற்கு ஊரார் வழங்கும் சொல், சொன்னவர் பெயர், ஊர், தேதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். எங்கள் கரையிலிருந்து அனுப்புபவன் இவன் ஒருவன்தான். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் அனுப்பியிருக்கிறான். எண்ணியவன் நான்.

இந்த வருடம் தைமாதம் துறையிலிருந்து கடிதம் வந்தது. தலைவர் புதியவர்; மர்சூக்கை அறியாதவர். நெற்கதிரைச் சூடடிக்கும் களத்தில் வழங்கும் சொற்களை மாசிக்குள் ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும் என்றும், அனுப்பாதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும் என்றும் எழுதியிருந்தார். தம்பி அன்று சோறு தின்னவில்லை. படிப்பை விட்டு வந்தவனுக்கு அந்தப் பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்றே மிச்சம்.

எங்கள் பக்கத்துக் களவெட்டியின், அதாவது நெற்களத்தின், வழக்கத்தை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சூடடிக்கும் களத்துக்குள் நெல் அள்ளும் கடகத்தைக் கடகம் என்று சொல்லக் கூடாது. மாடு, சுளகு எதற்கும் வீட்டுப் பெயர் ஆகாது. அந்தப் பெயர் காதில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாதவை வந்து விளைச்சலை அள்ளிப் போய்விடுமாம். அங்கே எல்லாவற்றுக்கும் வேறு பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் களத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது வயல் வேலைகளை முன்நின்று நடத்தும் எங்கள் முல்லைக்காரர் வினாயகமூர்த்தியின் கண்டிப்பு. வயல் எங்களுடையதானாலும் களத்துக்குள் நானும் தம்பியும் அவர் சொற்படிதான் நடப்போம்.

"வரம்பில நிண்டு கேட்டா நான் வாயே திறக்கமாட்டன் மனே. உள்ளுக்க வா, வேலையைச் செய், காதால கேள்" என்றார் அவர்.

மர்சூக் உள்ளே போனான். மூன்று நாள் வைக்கோல் உதறினான். நாலாம் நாள் காலை, துண்டுக் கடதாசிப் பழக்கம் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது. முதலில் பொருளின் பெயரை வாசித்து, பிறகு சொல்லைக் கேட்பதுதான் அவனுடைய முறை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "கடகம்" என்று தெளிவாக வாசித்தான்.

மாடுகள் நின்றன. ஆட்கள் நின்றார்கள். வினாயகமூர்த்தி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாதவை அண்டாதிருக்கக் களத்தைச் சுற்றி மறுபடி தண்ணீர் தெளித்தார்.

"வெளிய போ மனே. இந்தப் போகத்துக்கு உள்ளுக்க வராத."

வீட்டில் றபீக்கா கேட்டாள்: "சின்னப்பிள்ளையில இருந்து கேட்ட பேர்தானே? நீங்களே எழுதி உங்கட பேரைப் போட்டா அக்கரையில ஆருக்குத் தெரியப்போகுது?"

"கேட்டவன்தான் நான் மச்சி. சொல்றவர் அவர். அவர் தரல்ல."

அந்த வெள்ளிக்கிழமை அவன் அனுப்பிய பட்டியலை நான் பார்த்தேன். இடப்பக்கம் பத்தொன்பது பொருள்கள். வலப்பக்கம் முழுவதும் வெறுமை. அடியில்: 'சொல்பவர் வினாயகமூர்த்தி, முல்லைக்காரர், உன்னிச்சை. களத்துக்கு வெளியே சொல்ல அவருக்குச் சம்மதமில்லை. உள்ளே கேட்ட முறை என் பிழை.'

இருபத்தாறு நாள் பதில் இல்லை. பத்து மணிக்குப் புத்தகம் விரியவில்லை. அட்டவணையை அவன் கழற்றவும் இல்லை, பார்க்கவும் இல்லை. றபீக்கா பொஞ்சாதிப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இருபத்தேழாம் நாள் ஒரு தபாலட்டை வந்தது. 'பட்டியல் கிடைத்தது. உள்ளபடியே அச்சேறும். உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்து வாவி மீன்பிடிச் சொற்கள். ஆனிக்குள் அனுப்புக.'

அவன் அதை வினாயகமூர்த்தியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினான்.

"என்ட பேரும் வருமா?"

"வரும் அண்ணன்."

"நான் சொல்லல்ல எண்டதும் வருமா?"

"அதுவும் வரும்."

அவர் அட்டையை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "அப்ப ஆவணிச் சூடடிப்புக்கு வா. வாயத் தைச்சுப்போட்டு வா."

ஆவணியில் நானும் கூடப் போனேன். களத்தின் ஓரத்தில் மர்சூக் செருப்பைக் கழற்றினான். காதிலிருந்த பென்சிலை எடுத்து வரம்பில் வைத்தான். உள்ளே இரண்டடி வைத்தவன் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்த துண்டுக் கடதாசிகளையும் எடுத்துப் பென்சிலுக்குப் பக்கத்தில் அடுக்கி, காற்று தூக்கிவிடாதபடி மேலே ஒரு மண்கட்டியை வைத்துவிட்டுப் போனான்.