அன்னாசி வாங்கித் தந்த வேலை

பழக்கடையில் நிற்பவருக்குக் கால் உளைவதைவிட வாய் திறக்க முடியாமல் நிற்பதுதான் பெரிய துன்பம். பாஷை தெரியாத ஊரில் வேலை பார்த்த உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பழக்கடையில் நான் சேர்ந்தபோது, கடை முதலாளி அண்ணை ஒரு மாதம் பார்ப்பதாகச் சொன்னார். வாடிக்கையாளரோடு பேசி விற்காவிட்டால் வேலை இல்லை. மன்னாரிலிருந்து வந்த எனக்கோ 'பொன்ஜூர்' என்ற வணக்கம் தாண்டிப் பிரெஞ்சு கிடையாது.

முதல் நாள்

எதிர் மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்கார ஆசிரியை வந்து கடகடவென்று ஏதோ கேட்டார். ஒரே ஒரு சொல் பிடிபட்டது: 'அனனாஸ்'. அட, நம் அன்னாசி! பாய்ந்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு வந்த அல்ஜீரியக்காரரும் அனனாஸ் என்றார், துருக்கிக்காரப் பெண்ணும் அனனாஸ் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாவிலிருந்த அண்ணை சிரித்தார்.

"என்ன பிள்ளை, ஒரே நாளிலை மூண்டு பாஷை படிச்சிட்டியோ?"

கைப்பழக்கம்

மறுவாரம் அந்த ஆசிரியைக்கு அன்னாசியை வெட்டிக் கொடுக்கும்போது, ஊர்ப் பழக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிவிட்டேன். அங்கேயே ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சிவந்தது, இருமினார். அண்ணை என்னை முறைத்தார். வேலை போனது என்றே நினைத்தேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணையிடம் ஏதோ சொன்னார். அண்ணை அதை நம்ப முடியாமல் எனக்குத் தமிழில் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் தூள் போடட்டாம்."

யாருடைய சொல்?

உலகமே நம்மிடம் கடன் வாங்கிய சொல் என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். அந்தப் பெருமையையும் அந்த ஆசிரியைதான் உடைத்தார்; அவர் சொன்னதை அண்ணை தமிழில் எடுத்துச் சொன்னார். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் சொல்லாம். அவர்கள் மொழியில் அருமையான பழம் என்று பொருளாம். போர்த்துக்கேயர் பழத்தோடு பெயரையும் கப்பலேற்றி எங்கும் இறக்கிவிட்டார்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இத்தனை மொழிகள் ஒரு சொல்லை இப்படி வைத்துக் காப்பாற்றியதை நினைத்து வியந்துபோனேன். அண்ணைக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அப்ப எங்கடை சொல்லும் எங்களை மாதிரி வந்து குடியேறினதுதானோ?"

கடைசி நாள்

மாதம் முடிகிற அன்று ஒரு பிரேசில்காரர் வந்து பழத்தைக் காட்டினார். சொல் பிறந்த தென் அமெரிக்கப் பக்கத்து ஆள் என்ற துணிச்சலில் "அனனாஸ்!" என்றேன். அவர் தலையாட்டி மறுத்து, "அபகாஷி" என்றார். அங்கே அதற்கு வேறு பெயராம்! அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் "அபகாஷி, அபகாஷி" என்று சொல்லிச் சொல்லி வெட்டி, தூள் தூவி நீட்டினேன். தின்றுவிட்டு இரண்டு முழுப் பழம் வாங்கிப் போனார்.

"நாளைக்கும் வா பிள்ளை, அந்தப் புதுச் சொல்லையும் மறக்காமல் கொண்டு வா."

இன்றைக்குப் பிரெஞ்சில் சண்டையே பிடிப்பேன், ஆனால் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது யாரோ காட்டுவாசி பழத்துக்கு வைத்த பெயர்தான்.