கொக்குக் கால் பதித்த தட்டு

ஈரப் பொச்சுமட்டை, தேங்காயின் நார்மட்டை, எரிகிற புகை தொண்டையில் கமறும்போதெல்லாம் எனக்கு ஒரு நேரமும் சேர்ந்தே நினைவு வரும்: பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மண்தட்டுகளை நேரம் பார்த்துச் சுடவேண்டும் என்று அக்கா தன் மணிக்கூட்டை என் கையில் கட்டிவிட்டிருந்தாள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, அரியாலையில், நீரேரிக் கரையோரம் எங்கள் வீடு, எனக்குப் பதினொரு வயது.

அந்த விடுமுறை முழுவதும் நானும் அக்காவும் குளத்துக் களிமண்ணில் தட்டுகள் செய்தோம். ஒன்றில் நான் ஈர்க்கால் கீறிய கொக்கைப் பார்த்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா சிரித்தார்.

"உதென்னடி, கொக்கோ, கால் முறிஞ்ச கோழியோ? கரையிலை கொண்டுபோய் வை. கொக்கே வந்து கீறித் தரும்."

ஈரத் தட்டைச் சேற்றில் அழுத்தி, மேலே நாலு இறாலைப் போட்டுவிட்டு ஒளிந்திருந்தோம். கொக்கு வந்து தின்றுவிட்டு, நடுத்தட்டில் மிதித்துப் போனது. மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. அதன்பிறகு நாங்கள் எதையும் கீறவில்லை; "சாதாழை" என்று நாங்கள் சொல்லும் கடற்புல்லும் நண்டு ஓடிய தடமும் தாமாகவே களிமண்ணில் பதிந்தன.

"கொக்குத் தட்டு என்ரை," என்றார் அப்பா. "சுட்டு வையுங்கோ, அதிலைதான் இனி எனக்குச் சோறு."

"ஹெலி", இராணுவ ஹெலிகொப்டர், வெளியே தெரியும் வள்ளங்களைச் சுடும். அது சுற்றினால் வள்ளங்கள் எதிர்க்கரைக் கண்டல் மரங்களுக்குள் ஒதுங்கிவிடும். போன ஹெலி திரும்பி வந்து கடந்துபோகும்வரை பெரியவர்கள் பொறுத்திருந்து, பிறகே கரையில் ஈரப் பொச்சுமட்டையைக் கொளுத்துவார்கள். புகை தெரிந்தால் வரலாம். எங்கள் கரையில் இது தெரியாத பிள்ளை இல்லை.

அன்று அப்பா வள்ளத்தில் போயிருந்தார்; ஹெலி ஒருமுறை கடந்து போயிருந்தது. "நான் வருமட்டும் நெருப்பு வைக்காதை," என்று சொல்லிவிட்டு அக்கா விறகு பொறுக்கப் போனாள். வானத்தில் சத்தமில்லை. அப்பா வரும்போது தட்டு தயாராக இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. சிரட்டைகள் பற்றவில்லை, அருகில் கிடந்த பொச்சுமட்டைகளை அள்ளிப் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்: நாலு பத்து. சூளைக்குழியில் எரிவது வெறும் அடுப்பு நெருப்பு என்றே நினைத்தேன்.

"என்னடி செய்தனீ!" அக்கா ஓடிவந்து இரு கையாலும் மணலை அள்ளிக் கொட்டினாள். அதற்குள் கண்டலுக்குள்ளிருந்து ஒரு வள்ளம் வெளியே வந்துவிட்டது. பிறகு ஹெலி திரும்பி வந்தது.

தட்டு மட்டும் ஒரு வெடிப்பும் இல்லாமல் வெந்திருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராக வெளியேறியபோது அதை விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, தட்டும் இல்லை, எதிர்க்கரையில் கண்டல் மரங்களும் இல்லை.

இப்போது என் மகள் மட்பாண்டக் கலை படிக்கிறாள். இலைகளையும் இறகுகளையும் களிமண்ணில் பதிக்கிறாள். அவளுடைய சூளை மின்சாரத்தில் இயங்குவது, புகையே வராது. ஆனாலும் அவள் சூளையைத் திறந்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். கொக்கைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். புகையைப் பற்றிச் சொன்னதில்லை.

அன்று பொழுதுபட்டபிறகு வந்தவர் சின்னமாமா, அம்மாவின் தம்பி. கண்டலுக்குள்ளேயே நின்ற மற்ற வள்ளத்தில் இருந்தவர். இடுப்புவரை நனைந்தபடி முற்றத்தில் நின்று, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பொறுங்கோ அத்தான் எண்டு கத்தினனான், அக்கா. 'எங்கடை கரையிலை புகையடா, பிள்ளையள் கூப்பிடுதுகள்' எண்டு சிரிச்சுக்கொண்டு திருப்பினவர்."