அமுதவள்ளியின் ஞாயிற்றுக்கிழமை

கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற பெண் அமுதவள்ளி ஒருத்திதான். வயது முப்பத்தொன்று. அவளுடைய அப்பா தேனிப் பக்கமிருந்து கட்டிட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வாய் நிறையப் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். கணவன் பிச்சைமணி டைல்ஸ் ஒட்டுகிறவன். காக்கநாட்டில் எழும்புகிற ஃபிளாட்டுகளில் அவனுக்கு வேலை குறைவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஸாதனா ஒன்றாம் வகுப்பு. சின்னவள் அம்ருதாவுக்கு ஒன்றரை வயது.

சின்னவள் பிறந்த அன்று அமுதவள்ளிக்கு ரத்தம் நிற்கவில்லை. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒன்று பிச்சைமணியின் அக்கா மாயம்மாள் கொடுத்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்ததும் அவள்தான். இப்போதும் ஒரே மாடியில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மாயம்மாளின் வீடு. பாத்ரூம் இரண்டு வீட்டுக்கும் பொது. மாயம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், பிள்ளையில்லை. கணவன் முத்துவேல் களமசேரியில் ஹோட்டல் சமையல்காரன், வாரம் இரண்டு நாள்தான் வருவான். மூன்று தடவை வைத்தியம் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அமுதவள்ளி ஆட்டோ எடுத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் இரண்டும் மாயம்மாளிடம்தான் வளரும்.

ஜூலை மாதம் ஒருநாள் சுக்கு கோடவுன் முன்னால் சவாரியோடு நின்றபோது அமுதவள்ளிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தினமும் மோந்து பழகிய வாசனை அது. நாளை எண்ணிப் பார்த்தாள். பாட்டு கேட்டுக்கொண்டு பின்சீட்டில் இருந்த பயணியைக் கோட்டைக் கொச்சியில் இறக்கிவிட்டு, பழக்கமில்லாத ஒரு மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் பார்க்கிற கிட் வாங்கினாள். இரண்டு கோடு.

அன்று சாயங்காலம் பிச்சைமணியிடம் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கை நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீ என்ன நெனைக்கிற?"

"எனக்கு வேண்டாம். இன்னொரு தடவை அந்த டேபிள்ல படுக்க என்னால ஆகாது."

"சரி. அப்போ வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்காகிட்ட சொல்லணுமா?"

அமுதவள்ளி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

பாலம் தாண்டி இருந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை போனார்கள். அங்கே டாக்டர் ஸுப்ரியா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். ஆட்டோக்காரி தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்ததும் தன் வீட்டுத் தமிழுக்கு மாறிவிட்டார்.

பிச்சைமணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "நான் எங்கே கையெழுத்து போடணும் டாக்டர்?"

"உங்க கையெழுத்து வேண்டாம். பதினெட்டு கழிஞ்ச ஒருத்திக்கு அவ சம்மதம் மட்டும் போதும். நீங்க செத்த வெளியில இருக்கேளா? இவகிட்ட தனியா ஒண்ணு கேட்கணும்."

அவன் போனதும் டாக்டர் கேட்டார். "யாராவது நிர்ப்பந்திக்கறாளா?"

"இல்லை. நான்தான் சொன்னேன்."

ஸ்கேனில் ஏழு வாரம். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, குழாயில் இல்லை என்பதையும் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் பதினொன்று இருந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆஸ்பத்திரியிலேயே சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது, பத்து நிமிஷ வேலை. இன்னொன்று மாத்திரை. மறுபடி டேபிளில் படுக்க வேண்டும் என்றதுமே அமுதவள்ளி மாத்திரை என்றாள்.

"எனக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கலை டாக்டர்."

"பார்த்தேன், சீட்டுல இருக்கு. அது பிரசவம், இது ஏழு வாரம். ரெண்டும் ஒண்ணில்லே. ஆனா அதனாலதான் சொல்றேன், அன்னிக்கு நீங்க தனியா இருக்கப்படாது."

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மற்ற நான்கை ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும், அரை மணி கழித்து மிச்சத்தைத் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும். குளிர் எடுக்கும், வயிறு முறுக்கும், மாசத் தூரத்தைவிட அதிகமாக ரத்தம் போகும், கட்டியும் வரும், அது வழக்கம்தான் என்றார் டாக்டர். பிறகு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "பேடு ரெண்டு முழுசா நனைஞ்சு, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள. அடுத்த மணியும் அப்படியே ரெண்டு நனைஞ்சா, யோசிக்கவே யோசிக்காதேங்கோ, நேரா இங்க வந்துடணும். தலை சுத்தி விழற மாதிரி இருந்தாலும், காய்ச்சல் ஒரு நாள் தாண்டி நின்னாலும், அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்று மாயம்மாள் களமசேரியில் ஒரு வளைகாப்புக்குப் போகிறாள். சாயங்காலம்தான் வருவாள். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாயம்மாளை விட்டால் ஆளில்லை. மூத்தவளுக்கு எதையும் விடாமல் கேட்கிற வயது. கடைசியில் பிச்சைமணியே இரண்டையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று ஆயிற்று.

"கூப்பிட்டா இருபது நிமிஷத்துல வந்துருவேன்," என்றான் ஐந்தாவது முறையாக.

"போங்க. ஸாதனா இருந்தா என்னால கத்தக்கூட முடியாது."

எட்டே முக்காலுக்கு மாத்திரைகளைக் கன்னத்துக்குள் வைத்தாள். சுண்ணாம்பு கரைகிற மாதிரி இருந்தது. வலிக்கான மாத்திரையை முன்னாலேயே போட்டிருந்தாள். ஒன்பதரைக்குப் பல் கிட்டிக்கிற அளவுக்குக் குளிர் வந்தது, ஜூலை மழையில் நனைந்த மாதிரி. போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு இடுப்பிலிருந்து வலி கிளம்பியது. விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. பத்தரைக்கு ரத்தம். பாத்ரூமுக்குப் போய்ப் பேடு மாற்றினாள். செல்போனில் மணி பார்த்தாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம்.

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. படியேறி வருகிற செருப்புச் சத்தம் யாருடையது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

"அமுதா? ஆட்டோ கீழ நிக்குது, சவாரிக்குப் போகலையா?"

மாயம்மாள் பாத்ரூம் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"வளைகாப்புல ஒரு கிழவி, நீ வளையல் போடாதம்மா, தள்ளி நில்லுன்னு சொல்லிருச்சு. கேமராக்காரன் முன்னாடி. சாப்பிடாம பஸ் ஏறிட்டேன்." கதவைத் தட்டினாள். "உள்ள என்ன பண்ற இவ்வளவு நேரமா?"

அப்போது வந்த வலியில் அமுதவள்ளிக்கு முனகல் வெளியே வந்துவிட்டது.

"அமுதா, கதவைத் திற."

"ஒண்ணுமில்லை மதினி. வயித்துப்போக்கு."

"கதவைத் திறன்னு சொல்றேன்ல."

திறந்தாள். மாயம்மாள் பட்டுச்சேலையோடு நின்றிருந்தாள். வாளியையும், தரையில் கிடந்த பழைய பேப்பர் சுருளையும், அமுதவள்ளியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பிரசவத்தின் ரத்தத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளு?"

"ஏழு வாரம்."

"தானா போகுதா, போக வெச்சதா?"

பொய் சொல்ல ஒரு வழி அங்கே இருந்தது. அமுதவள்ளி அதை எடுக்கவில்லை. "மாத்திரை போட்டேன்."

மாயம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மதினி?"

"பெத்து என்கிட்ட குடுன்னு கேட்டிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லலை."

மாயம்மாள் திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. அமுதவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, விரித்திருந்த பாயில் சரிந்தாள். பதினொன்றேகால். போட்ட பேடு முழுவதும் நனைந்திருந்தது. மாற்றினாள். பதினொன்று ஐம்பதுக்கு அதுவும் நிறைந்துவிட்டது. பதினொன்றிலிருந்து கணக்கு வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு. பிரசவ அறையின் வெள்ளை விளக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஓடுகிற சத்தம், ரத்தம் எங்கே ரத்தம் எங்கே என்று நர்ஸ் கத்துகிற சத்தம். பிச்சைமணிக்கு நான்கு தடவை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் மணி முழுவதும் அடித்து நின்றது. கடற்கரை இரைச்சலில் கேட்டிருக்காது.

"மதினி!"

கதவு உடனே திறந்தது. சேலையை மாற்றியிருந்தாள் மாயம்மாள். உள்ளே போய் அழுதிருக்கிறாள், கண் சொன்னது. பாயருகில் வந்து உட்கார்ந்து டாக்டர் கொடுத்த தாளை எடுத்தாள். மலையாளம். அவளுக்கு வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்கு? படி."

அமுதவள்ளி படித்துத் தமிழில் சொன்னாள். மாயம்மாள் தன் போனைச் சுவரில் சாய்த்து மணி தெரிகிற மாதிரி வைத்தாள்.

"இப்ப பன்னெண்டு ஆகப் போகுது. ஒரு மணி நேரம் முடிஞ்சிருச்சு. இன்னொரு மணி நேரம் பார்க்கணும், அப்படித்தானே? தலை சுத்துதா?"

"இல்லை. பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. ஆஸ்பத்திரி நம்பரை அடி."

நர்ஸ் எடுத்தாள். பேடு முழுசா, பாதியா, கட்டி எவ்வளவு பெரிது, நிற்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "மோளே, அரை மணிக்கூர் கழிச்சு திரும்ப விளிக்கு, போன் பண்ணு. அதுக்குள்ள தலை சுத்தினாலோ இன்னும் ரெண்டு நிறைஞ்சாலோ விளிக்கவே வேண்டாம், வந்துரு."

மாயம்மாள் எழுந்தாள். கீழே நிற்கிற ஆட்டோவின் சாவி ஆணியில் தொங்கியது. அதை ஓட்டத் தெரிந்தவள் பாயில் கிடக்கிறாள்.

"ஸ்டாண்டுல யாரையாவது நிக்கச் சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம் மதினி. நாளைக்கு நான் அவங்க முகத்துல முழிக்கணும்."

"வயித்துவலின்னு சொல்றேன். காரணம் கேக்கிற அளவுக்கு எவனுக்கும் இடம் குடுக்க மாட்டேன்." போய் மூன்று நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்தாள். ஸ்டாண்டு டிரைவர் வெங்கிடாசலம் சேட்டன் வண்டியைத் திருப்பி வாசலில் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

பன்னிரண்டு இருபதுக்கு அமுதவள்ளி பாத்ரூமுக்குப் போனாள். மாயம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெளியே நின்றாள். பெரிய வலி ஒன்று வந்து, எலுமிச்சம்பழ அளவில் கட்டி ஒன்று போனது. அதன் பிறகு வயிற்றைப் பிடித்திருந்த ஒரு கை தளர்ந்த மாதிரி இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அமுதா, பேசு. சத்தம் குடு."

"இருக்கேன்."

திரும்ப நர்ஸைக் கூப்பிட்டார்கள். புதுப் பேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நடுவில் ஒரு கை அகலம் என்றாள் அமுதவள்ளி. ஒன்றரைக்கு மாயம்மாள் மறுபடி பார்க்கச் சொன்னாள். பாதிகூட நனையவில்லை. மாயம்மாள் கீழே போய் வெங்கிடாசலத்தை அனுப்பிவிட்டு வந்தாள். கஞ்சி வைத்தாள். பப்படம் சுட்டாள். அமுதவள்ளி இரண்டு டம்ளர் குடித்தாள்.

இரண்டு மணிக்குப் பிச்சைமணி நான்கு தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பதறி ஓடிவந்தான், தோளில் தூங்குகிற சின்னவளும் மணல் ஒட்டிய காலோடு ஸாதனாவும். அக்காவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். மாயம்மாள் அவன் தோளிலிருந்து சின்னவளை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் அமுதவள்ளி ஆட்டோ எடுத்தாள். குலுக்கலில் அடிவயிறு இழுத்தது, அதனால் கற்கள் பதித்த தெருக்களைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள். ரத்தம் ஒரு வாரம் போய், பிறகு பழுப்பாகக் கொஞ்ச நாள் வந்து நின்றது. ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் வண்டியை ஓரம் கட்டி அழுதாள். வருத்தமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை, பயம் விட்டுப்போன அழுகை. பத்தாம் நாள் பொறுக்காமல் கிட் வாங்கிப் பார்த்தாள். மறுபடி இரண்டு கோடு! அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பதினான்காம் நாள் போனபோது டாக்டர் ஸுப்ரியா ஸ்கேன் செய்து, எல்லாம் போய்விட்டது, உடம்பிலிருக்கிற ஹார்மோன் வடிய மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை கிட்டை நம்பக் கூடாது என்றார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும், என் தப்பு," என்றும் சொன்னார். இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு தங்கலாம் என்பதால் அன்றே காப்பர்-டி வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் மாயம்மாள் பிள்ளைகளை எப்போதும்போலப் பார்த்துக்கொண்டாள். தம்பியோடு பேச்சில்லை. அமுதவள்ளியோடு தேவைக்கு மட்டும், பால் தீர்ந்துருச்சு, குடை எங்க என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மார்க்கெட்டுக்குப் போக மாயம்மாள் ஆட்டோவில் ஏறினாள். பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அமுதவள்ளி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். எதிரே ஒரு லாரி மிளகு மூட்டைகளோடு குறுக்கே நின்றது. "இல்லை மதினி. என்னால சுமந்திருக்க முடியாது."

மாயம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி நகர வெகுநேரம் ஆயிற்று.

"வர்றப்போ கப்பைக் கிழங்கு வாங்கணும்," என்றாள் பிறகு. "ஸாதனா ரெண்டு நாளா கேக்கறா."