திருச்சிக்கு இரண்டாம் முறை: கெட்டுப்போன ஒன்பது ரத்த மாதிரிகள்

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். அதற்கு முந்தைய சித்திரையில் நான் செய்த தவறை ஒன்பது பேரிடம் நேரில் சொல்வதற்காக. கோயில் திறக்கும் நேரம் தேடி இந்த வலைப்பதிவுக்கு வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு ரத்த மாதிரி எடுத்துவரக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவக்கூடும்.

நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தத்திலுள்ள புரதங்களைத் துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளை எடைபோட்டு, எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களிடம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளில் யாருக்கு மருந்து கேட்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மருந்து தொடங்குமுன் எடுத்த ரத்தம் வேண்டும். அது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

சித்திரையில் அப்படி ஒன்பது மாதிரிகளைத் திருச்சி மருத்துவமனை ஒன்றில் வாங்கி, டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போட்ட பெட்டியில் உறையவைத்து, வாடகைக் காரில் புறப்பட்டேன். சென்னை 330 கிலோமீட்டர். வழியில்தானே ஸ்ரீரங்கம், பெருமாளைச் சேவிக்காமல் போவதா என்று தோன்றியது. இருபது நிமிடம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு 11.10க்கு உள்ளே போனேன். செல்போனை வாசலில் கொடுத்துவிட்டேன். வரிசை நீண்டுகொண்டே போனது. வெளியே வந்தபோது மணி 1.40. கார் வெயிலில் நின்றிருந்தது.

“சார், பெட்டியிலேருந்து புகை வர்றது நின்னுடுச்சு. நாலு வாட்டி போன் பண்ணேன்” என்றார் டிரைவர்.

குழாய்களில் உறைந்திருந்த ரத்தமெல்லாம் இளகியிருந்தது. கூல்டிரிங்ஸ் கடையில் ஐஸ்கட்டி வாங்கிக் கொட்டினேன். சென்னையில் மறுபடி உறையவைத்து, ‘உறைந்த நிலையில் வந்தது’ என்று கையெழுத்தும் போட்டேன். தாமதத்தைவிட அந்தக் கையெழுத்துதான் இன்றும் உறுத்துகிறது.

ஒன்பதிலும் சில புரதங்கள் சிதைந்திருந்தன. கருவி எடையைத்தான் சொல்லும். சிதைத்தது நோயா வெயிலா என்று அதற்குத் தெரியாது. சகாக்கள் அதைப் புதிய தடயம் என்று நம்பி இரண்டு மாதம் உழைத்தார்கள். அவர்கள் கட்டுரை எழுத உட்கார்ந்த அன்றுதான் என் தலைமை ஆய்வாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த ஒன்பது மாதிரிகளின் முடிவுகளையும் நீக்கச் சொன்னார். நோயாளிகளிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஆடிச் சனிக்கிழமை காலை ரயில் 11.25க்குத் திருச்சி சேர்ந்தது. ஜங்ஷனிலிருந்து கே.கே. நகர் ஐந்து கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோ 150 ரூபாய். முதல் வீடு ஆரோக்கியமேரியுடையது (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன்). பள்ளி அலுவலகத்தில் வேலை, என் வயதுதான் இருக்கும். மருத்துவமனையிலிருந்து முன்பே சொல்லி வைத்திருந்ததால் காத்திருந்தார். கோயிலையும் கையெழுத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

மறுபடி எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். மருந்து தொடங்கிவிட்டது, அந்த நாளின் ரத்தம் இனிக் கிடைக்காது என்றேன். இப்போதைய ரத்தமும் வேறொரு வகையில் பயன்படும், கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம் என்றும் சொன்னேன்.

“அன்னிக்கு செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்துச்சுங்க” என்றார். “வெறும் வயித்தோட ரெண்டு பஸ் மாறி வந்தேன். எனக்கு இல்லாட்டியும் அடுத்தவங்களுக்கு உதவும்னாங்க.”

மன்னிப்புக் கேட்டேன்.

“ஐஸ் கரைஞ்சது சரி. அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. இனிமே என் ரத்தம் வேண்டாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்துத்தான் அனுப்பினார். இரண்டு நாளில் மற்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். ஆறு பேர் மறுபடி கொடுக்கச் சம்மதித்தார்கள்.

மாதிரியோடு போகிறவர்களுக்கு: டிரை ஐஸ் கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். பெட்டிக்குள் வெப்பத்தைப் பதியும் சிறு கருவி ஒன்று போடுங்கள். கார் ஜன்னலைச் சற்று இறக்கி வையுங்கள், அந்தப் புகை மூச்சை அடைக்கும். தரிசனத்துக்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். கெட்டுப்போனால் அன்றே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆய்வுப் பதிவேட்டில் ஆரோக்கியமேரியின் எண்ணுக்கு நேரே ‘விலகினார்’ என்று குறித்தேன். காரணம் எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. நான் செய்ததை முழுவதும் எழுத அதில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதோடு இணைத்தேன்.